மயக்கத்தில் நீங்கள்... விழித்திருப்பது யார்?

"கத்தி வைக்கிறதுக்குக்கூட பயமில்லீங்க அய்யா. மயக்கம் குடுத்தா திரும்ப எந்திரிப்பனான்னுதான் பயமா இருக்கு!"

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்திலிருந்து என்னிடம் வருபவர்களில், ஆபரேஷனுக்கு நாள் குறித்தவர்கள் அநேகமாக எல்லோருமே இதைச் சொல்லிவிடுவார்கள். கர்ப்பப்பை, குடலிறக்கம், பித்தப்பைக் கல், மூட்டு மாற்று... ஆபரேஷன் எதுவானாலும் பயம் இது ஒன்றுதான். "உங்க மருந்திலேயே கரைச்சிடக் கூடாதா?" என்ற ஆசையும் அதற்குள் ஒளிந்திருக்கும்.

மயக்க மருந்தைப் பற்றிப் பேச ஒரு சித்த வைத்தியன் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இரண்டு காரணங்கள் உண்டு. கத்தி வைத்தே தீர வேண்டிய நோயை, மயக்கத்துக்குப் பயந்து சூரணத்தால் தள்ளிப் போடுவது ஆபத்து. அது ஒன்று. ஆபரேஷன் மேஜையில் ஏறுகிறவர்கள் மயக்க மருந்து டாக்டரிடம் மறைக்கிற சங்கதிகளில் எங்கள் மருந்துகளும் இருக்கின்றன. இது இரண்டாவது. முதலில் பயத்தைப் பார்ப்போம். மறைப்பதைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

தூக்கம் வேறு, மயக்கம் வேறு!

தூங்குகிறவரைக் கிள்ளினால் விழித்துக்கொள்வார். தொண்டையில் எச்சில் இறங்கினால் தானே இருமிக்கொள்வார். முழு மயக்கத்தில் இருப்பவருக்கு இந்தக் காவல் எதுவும் இல்லை. வலி தெரியாது, இருமல் வராது. பெரிய ஆபரேஷன்களில் தசைகளைத் தளர்த்தவும் மருந்து தருவார்கள். அப்போது நெஞ்சுத் தசையும் ஓய்ந்துவிடுமாதலால் மூச்சுகூட சொந்த மூச்சு அல்ல. குழாய் வழியாகக் கருவிதான் மூச்சு விடுகிறது.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப் போகச் செய்வது இன்னொரு முறை. சிசேரியனுக்குப் பெரும்பாலும் இதுதான். தாய் விழித்திருப்பாள், குழந்தையின் அழுகையையும் கேட்பாள். ஆனால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கக்கூடும். ஆகவே அங்கேயும் கண்காணிப்பு வேண்டும்.

சர்ஜனின் கவனம் ஆபரேஷன் செய்யும் இடத்தில் இருக்கும். உங்கள் தலைமாட்டில் நின்று மூச்சையும் நாடியையும் முழுநேரமும் காவல் காப்பவர் மயக்க மருந்து டாக்டர். "ஊசி போட்டுட்டுப் போயிடுவார்" என்று நினைக்கிறோமே, அது தவறு. நீங்கள் கண் விழிக்கும்வரை உங்களைப் பார்த்துக்கொள்வதுதான் அவருடைய உண்மையான வேலை.

மூச்சைப் பார்ப்பதா, நாடியைப் பார்ப்பதா?

இந்தக் காவல் எப்படி வந்தது என்பது ஒரு பெரிய கதை. அதில் ஓர் அத்தியாயம் நம் இந்தியாவில் நடந்தது.

1846 அக்டோபரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஈதர் மயக்கத்தைப் பலரறியச் செய்து காட்டினார்கள். மறு வருஷம் நவம்பரில் எடின்பரோவில் சிம்ப்சன் என்ற டாக்டர் குளோரோஃபார்மைக் கொண்டு வந்தார். இரண்டே மாதம் கழித்து, 1848 ஜனவரியில், இங்கிலாந்தில் ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண் கால் விரல் நகத்தை எடுப்பதற்காகக் கொடுத்த குளோரோஃபார்மில் இறந்துபோனாள். துவண்டவளை எழுப்ப வாயில் தண்ணீரும் பிராந்தியும் ஊற்றினார்கள். மருந்து இதயத்தை நிறுத்தியதா, ஊற்றிய திரவம் மூச்சை அடைத்ததா என்று டாக்டர்களுக்குள் பெரிய சர்ச்சை.

அதிலிருந்து இரண்டு கட்சிகள் உண்டாயின. 'நாடியைப் பார், இதயம்தான் முதலில் நிற்கும்' என்றது ஒன்று. 'மூச்சைப் பார், அதுதான் முதலில் நிற்கும்' என்றது இன்னொன்று. ஹைதராபாத்தில் ரெசிடென்ஸி சர்ஜனாக இருந்த எட்வர்ட் லாரி மூச்சுக் கட்சி. நிஜாம் மஹபூப் அலி கானின் ஆதரவில் 1888-ல் 'ஹைதராபாத் குளோரோஃபார்ம் கமிஷன்' அமைத்துப் பரிசோதனைகள் செய்தார். லண்டன் நம்பவில்லை. நிஜாம் பணம் கொடுத்து, 'லான்செட்' பத்திரிகை ஒரு நிபுணரை அனுப்பட்டும் என்றார். அப்படி வந்தவர் லாடர் பிரன்டன். 1889-ல் இரண்டாவது கமிஷன் உட்கார்ந்து, நாய்கள், குரங்குகள் என்று நூற்றுக்கணக்கான விலங்குகளிடம் சோதித்துப் பார்த்து, "மூச்சுத்தான் முதலில் நிற்கிறது" என்று லாரி பக்கமே தீர்ப்புச் சொன்னது.

அந்தக் காலத்து ஹைதராபாத்தில் லாரியிடம் பயின்று குளோரோஃபார்ம் கொடுத்து வந்தவர் ரூபா பாய் ஃபர்தூன்ஜி. உலகின் முதல் பெண் மயக்க மருந்து நிபுணர் என்று பலரும் போற்றுவது இந்தப் பெண்மணியைத்தான். நமக்குப் பெருமை அல்லவா?

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1911-ல் லண்டனில் குட்மேன் லெவி என்பவர், குளோரோஃபார்ம் குறைவாக இருக்கும்போதே இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுவிடலாம் என்று பூனைகளிடம் நிரூபித்தார். ஆக, மூச்சுக் கட்சி சொன்னதும் பாதி உண்மை. நாடிக் கட்சி சொன்னதும் பாதி உண்மை. இரண்டையும் பார்த்தாக வேண்டும்! ஒரு நூற்றாண்டுச் சண்டையின் சாரம் இவ்வளவுதான். குளோரோஃபார்மை மருத்துவ உலகம் கைவிட்டு வெகுகாலமாகிறது. பாடம் மட்டும் நிலைத்துவிட்டது.

நாடியில் ஒளிந்திருந்த சேதி

மூன்று விரலை மணிக்கட்டில் வைத்து வாத, பித்த, கபம் பார்ப்பது எங்கள் தொழில். நாடியின் அருமை எனக்குத் தெரியும். ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு இருக்கிறது என்பதை எந்த விரலாலும் சொல்ல முடியாது. கண்ணாலும் சொல்ல முடியாது. உதடு நீலம் பாய்ந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். அதற்குள் காலம் கடந்துவிட்டிருக்கும். சோகை பிடித்த பெண்களுக்கு அந்த நீலம்கூடச் சீக்கிரம் தெரியாது. நம்மைப் போன்ற மாநிறக்காரர்களுக்கும் கறுத்த மேனிக்காரர்களுக்கும் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம். மூளையோ, பிராணவாயு முற்றிலும் நின்றால் நாலைந்து நிமிஷம்கூடத் தாங்காது.

இந்த இடத்தில்தான் ஜப்பானியப் பொறியாளர் டகுவோ அயோயாகி வருகிறார். நிஹான் கோடன் என்ற கம்பெனியில் வேலை பார்த்த அவர், 1970-களின் தொடக்கத்தில் ரத்தத்தில் ஒரு சாயத்தைச் செலுத்தி, காது மடல் வழியாக ஒளியைப் பாய்ச்சி, இதயம் எவ்வளவு ரத்தம் இறைக்கிறது என்று அளக்கப் பார்த்தார். நாடித் துடிப்பு வந்து வந்து கணக்கைக் கெடுத்தது. அந்தத் தொல்லையை ஒழிக்கப் போனவர், தொல்லைக்குள்ளேயே சேதி இருப்பதைக் கண்டுகொண்டார். ஒவ்வொரு துடிப்பிலும் புதிதாக வருவது தமனி ரத்தம். அந்தத் துடிப்பை மட்டும் பிரித்து, சிவப்பு ஒளி எவ்வளவு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்த்தால், பிராணவாயு எத்தனை சதவீதம் என்று கணக்கிட்டுவிடலாம்! 1974-ல் அவர் வெளியிட்ட இந்தத் தத்துவம்தான் விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர். ஊசி வேண்டாம், ரத்தம் எடுக்க வேண்டாம். ஒரு வகையில் இதுவும் நாடி பார்ப்பதுதான்!

கொரோனா வந்த 2020-ல் எத்தனையோ வீடுகளில் இதை வாங்கி வைத்தோமே, அதே கருவிதான். அந்த வருஷம் ஏப்ரலில்தான் அயோயாகி காலமானார்.

ஆபரேஷன் தியேட்டரில் 'பீப்... பீப்' என்று கேட்கிற சத்தம் பெரும்பாலும் இதிலிருந்து வருவது. பிராணவாயு குறையக் குறைய அந்தச் சத்தத்தின் சுருதியும் இறங்கும். டாக்டர் வேறு பக்கம் திரும்பி மருந்து ஏற்றிக்கொண்டிருந்தாலும் காது சொல்லிவிடும்.

கருவி மட்டும் போதுமா?

"அப்ப மிஷின் இருக்குது, கவலை இல்ல" என்கிறீர்களா? பொறுங்கள். டென்மார்க்கில் 20,802 நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்து ஒரு பெரிய ஆராய்ச்சி செய்தார்கள். ஒரு பிரிவுக்கு ஆக்சிமீட்டர் உண்டு, மற்றதற்கு இல்லை. 1993-ல் முடிவு வெளியானது. பிராணவாயுக் குறைவைக் கருவி இருந்த பிரிவில் 7.9 சதவீதம் பேருக்குக் கண்டுபிடித்தார்கள். கருவி இல்லாத பிரிவிலோ வெறும் 0.4 சதவீதம்! அதாவது மற்றவர்களுக்கும் குறைந்துதான் இருந்திருக்கும், யாரும் கவனிக்கவில்லை. ஆனால் இறப்பிலும் மற்றச் சிக்கல்களின் மொத்தக் கணக்கிலும் இரு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இதற்கு என்ன அர்த்தம்? நல்ல டாக்டர்களும் வசதிகளும் நிறைந்த நாட்டில், அத்தனை பேரிலும்கூட இறப்பு வித்தியாசத்தைக் காட்டுவது கஷ்டம். கருவி எச்சரிக்கும், அவ்வளவுதான். எச்சரிக்கையைக் கேட்டுக் கை வைக்க வேண்டியது மனிதர்.

இதற்கு இன்னொரு சாட்சி, உலக சுகாதார நிறுவனம் 2008-ல் கொண்டு வந்த பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல். மயக்கம் கொடுக்கும் முன், கத்தி வைக்கும் முன், தியேட்டரை விட்டு வெளியேறும் முன் என்று மூன்று முறை நிறுத்தி, எல்லோரும் வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். ஆள் இவர்தானா? ஆபரேஷன் எந்தப் பக்கம்? ஒவ்வாமை உண்டா? ஆக்சிமீட்டர் மாட்டி வேலை செய்கிறதா? புது டெல்லி உட்பட உலகின் எட்டு நகரங்களில் இதைச் செய்து பார்த்தார்கள். 2009-ல் வந்த முடிவின்படி இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகவும், பெரிய சிக்கல்கள் 11-லிருந்து 7 ஆகவும் குறைந்தன. கருவியும், அதைக் கவனிக்கும் ஒழுங்கும் சேர்ந்தால்தான் பலன்.

பயம் தெளிய இன்னொரு கணக்கு. 1948 முதல் 1952 வரை பத்து அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் சுமார் 6 லட்சம் மயக்கங்களை ஆராய்ந்ததில், 1,560 பேருக்கு ஒருவர் என்ற அளவில் மயக்கம் சம்பந்தப்பட்ட இறப்பு இருந்தது. இன்று வசதியுள்ள நாடுகளில், ஆபரேஷன் தவிர மற்றபடி ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கு அது லட்சத்தில் ஒன்று அல்லது அதற்கும் கீழே. உங்கள் பயத்துக்கு இதுதான் பதில்.

தியேட்டரில் எதையெல்லாம் பார்க்கிறார்கள்?

விரலில் ஆக்சிமீட்டர். பொதுவாக 95-க்கு மேல் இருக்க வேண்டும். 90-க்குக் கீழே போனால் அபாய மணி. நெஞ்சில் ஒட்டிய வயர்கள் இதயத் துடிப்பின் ஒழுங்கைக் காட்டும். கையில் கட்டிய பட்டை ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவையாவது ரத்த அழுத்தம் பார்க்கும். முழு மயக்கமானால், வெளிவிடும் மூச்சில் கரியமில வாயு எவ்வளவு என்று காட்டும் கருவியும் உண்டு. மூச்சுக் குழாய் தவறி உணவுக் குழாய்க்குள் போய்விட்டால் கரியமில வாயு தொடர்ந்து வராது. சில நொடிகளிலேயே தெரிந்துவிடும். பிராணவாயு குறைந்து ஆக்சிமீட்டர் சொல்வதற்கு முன்பே இது சொல்லிவிடும் என்பதுதான் இதன் விசேஷம்.

ஆக்சிமீட்டருக்கும் குறைகள் உண்டு. கை சில்லிட்டிருந்தால் சரியாகக் காட்டாது. நெயில் பாலீஷ், அழுத்தமான கறுப்பு மருதாணி போன்றவை குழப்பலாம். கறுத்த தோலில் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும் வாய்ப்பு உண்டென்று 2020 டிசம்பரில் அமெரிக்காவில் வெளியான ஆய்வு எச்சரித்தது. அதனால்தான் டாக்டர் எண்ணை மட்டும் நம்பாமல் ஆளையும் பார்க்கிறார்.

"ஒரு வாய் காபிதானே!"

இனி உங்கள் பங்கு. திண்டிவனம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு குடும்பம், நாலு வயதுப் பையனுக்குக் குடலிறக்க ஆபரேஷன் தள்ளிப் போனதென்று என்னிடம் வந்து குறைப்பட்டுக்கொண்டது. "காலையில ஒண்ணும் குடுக்கலியே?" என்று மயக்க மருந்து டாக்டர் கேட்டபோது, அம்மா "இல்லீங்க" என்றாராம். பக்கத்தில் நின்ற பாட்டி மட்டும், "புள்ள அழுதுச்சுன்னு ரெண்டு பிஸ்கெட்டு, கொஞ்சம் பாலு குடுத்தேன் சாமி" என்று சொல்லிவிட்டார். "இந்தக் கிழவியால ஒரு நாள் போச்சு" என்று வீட்டில் எல்லோருக்கும் கோபம். "அந்தக் கிழவி உங்க புள்ளைய காப்பாத்தியிருக்காங்கம்மா" என்றேன் நான்.

காரணம் இதுதான். மயக்கத்தில் இருமல் இல்லை என்றேன் அல்லவா? வயிற்றில் இருப்பது மேலே எதுக்களித்து வந்தால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். 1946-ல் நியூயார்க் டாக்டர் மெண்டல்சன், தம் ஆஸ்பத்திரியின் 44,016 பிரசவங்களில் 66 பெண்களுக்கு, மயக்கத்தின்போது இப்படி நடந்ததை எழுதினார். வயிற்றுப் புளிப்பு நுரையீரலைப் புண்ணாக்கிவிடும் என்று உலகுக்கு எடுத்துக் காட்டியவர் அவர்.

பொதுவான கணக்கு இது: வெறும் தண்ணீர் 2 மணி நேரத்துக்கு முன்வரை, தாய்ப்பால் 4 மணி நேரம், மாட்டுப்பால், பால் பவுடர், இட்லி போன்ற லேசான பலகாரம் 6 மணி நேரம், எண்ணெய்ப் பலகாரம், கறி, பிரியாணி என்றால் 8 மணி நேரம். பால் கலந்த காபியும் டீயும் உணவுக் கணக்கில்தான் சேரும், தண்ணீர்க் கணக்கில் அல்ல. உங்கள் டாக்டர் வேறு நேரம் சொன்னால் அவர் சொன்னபடி கேளுங்கள். மறந்து சாப்பிட்டுவிட்டால் சொல்லிவிடுங்கள். ஆபரேஷன் ஒரு நாள் தள்ளிப் போனால் போகட்டும்!

இன்னொன்று. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே நெடுஞ்சாலையில் விபத்து நடந்தால், ஓடி வருகிற நல்ல மனிதர்கள் முதலில் நீட்டுவது சோடாவும் தண்ணீரும். தயவுசெய்து வேண்டாம். அடிபட்டவர் இன்னும் ஒரு மணி நேரத்தில் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, புதுச்சேரி ஜிப்மரிலோ ஆபரேஷன் மேஜையில் இருக்கலாம். மயங்கிக் கிடப்பவர் வாயில் ஊற்றினால் மூச்சே அடைத்துவிடலாம். 108-க்கு போன் செய்யுங்கள். கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்று தெரிந்தால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள்.

எங்கள் மருந்தையும் மறைக்காதீர்கள்!

"நாட்டு மருந்து சாப்பிடுறேன்னு சொன்னா டாக்டர் திட்டுவாரு" என்று மறைக்கிறார்கள். "அது மூலிகைதானே, என்ன செய்யும்?" என்றும் சொல்கிறார்கள். நோயைத் தீர்க்கும் சக்தி மூலிகைக்கு உண்டென்றால், உடம்பில் மாற்றம் செய்யும் சக்தியும் அதற்கு உண்டுதானே!

அதிமதுரத்தை நாள்பட அதிகமாக எடுத்தால் ரத்த அழுத்தம் ஏறும், உடம்பில் பொட்டாசியம் குறையும். மயக்கத்தில் இதயத் துடிப்பு தடுமாற இது போதும். பூண்டை மாத்திரையாகவோ லேகியமாகவோ தினமும் எடுத்தால் ரத்தம் உறைவது தாமதமாகலாம். குழம்பில் போடும் நாலு பல்லைச் சொல்லவில்லை. அமுக்கரா தூக்கத்தைத் தூண்டும். மயக்க மருந்தோடு சேர்ந்து அசதியைக் கூட்டக்கூடும். பற்பம், செந்தூரம் சாப்பிடுகிறவர்கள் பெயரையும் அளவையும் எழுதிக்கொண்டு போங்கள். நாள் குறித்த ஆபரேஷன் என்றால் இரண்டு வாரத்துக்கு முன்பே மூலிகை மருந்துகளை நிறுத்துவது பொதுவாகச் சொல்லப்படும் வழக்கம். உங்கள் வைத்தியரையும் மயக்க மருந்து டாக்டரையும் கேட்டுச் செய்யுங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து, லேபிள் இல்லாத பொட்டலம். மூட்டு வலிக்கும் ஆஸ்துமாவுக்கும் 'மூலிகை' என்று விற்கும் பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பல முறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்டவருக்கு ஆபரேஷன் நேரத்தில் ரத்த அழுத்தம் தடாலென்று விழலாம். காரணம் தெரியாமல் டாக்டர் திணறுவார். அந்தப் பொட்டலத்தையே கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள். நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம்.

ஆபரேஷனுக்கு முன் சொல்ல வேண்டியவை

* முன்பு மயக்கம் கொடுத்தபோது உங்களுக்கோ ரத்த சொந்தங்களுக்கோ ஏதாவது சிக்கல் வந்ததா?
* பி.பி., சர்க்கரை, ஆஸ்துமா, வலிப்பு, தைராய்டு உண்டா? எந்த மாத்திரை? அன்று காலையில் எதைப் போடலாம், எதை விடலாம் என்று கேளுங்கள். பி.பி. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ரத்தத்தை இளக்கும் மாத்திரை என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள்.
* பீடி, சிகரெட், சாராயம், புகையிலை. மனைவி எதிரில் சொல்லக் கூச்சமென்றால் தனியாகவாவது சொல்லுங்கள்!
* ஆடும் பல், கட்டிய பல்செட், குறட்டை.
* எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா?
* கர்ப்பம் இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலும் சொல்லுங்கள்.
* நெயில் பாலீஷை அழித்துவிட்டுப் போங்கள். ஒரு வாரத்துக்கு மருதாணி வேண்டாம்.

நீங்களும் கேளுங்கள்: "எனக்கு எந்த மாதிரி மயக்கம்? மயக்க மருந்து டாக்டர் கூடவே இருப்பாரா? ஆபரேஷன் முடிந்து கண் விழிக்கும்வரை ஆக்சிமீட்டர் மாட்டியிருக்குமா?" சின்ன நர்சிங் ஹோமானாலும் பெரிய ஆஸ்பத்திரியானாலும் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நல்ல டாக்டர் யாரும் இதற்குக் கோபிக்க மாட்டார்.

கருவிகள் உங்கள் மூச்சையும் நாடியையும் சொல்லிவிடும். காலையில் குடித்த காபியையும், அலமாரியில் இருக்கும் பொட்டலத்தையும் எந்தக் கருவியும் சொல்லாது. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். அதுவும், மயக்கம் வருவதற்கு முன்னால்!